சர்ஜ் வெசல் வராத பம்ப் ஹவுஸுக்குச் சான்று கொடுக்கலாமா?

ஒரு பொதுக் குடிநீர் நிறுவனத்தில் மூத்த மெக்கானிக்கல் இன்ஜினியராக இருக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 43, பதினெட்டு வருட அனுபவம். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

புதிதாக ஒரு நீரேற்று நிலையம் கட்டி முடித்திருக்கிறார்கள். மூன்று பம்புகள் ஓடும், ஒன்று மாற்றுக்கு. அங்கிருந்து 9 கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய் மேட்டிலுள்ள நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. பம்ப் திடீரென்று நின்றால் குழாயில் எழும் அழுத்த அலையை வாங்கிக்கொள்ள வேண்டிய சர்ஜ் வெசல் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. வர ஐந்து மாதமாகும் என்கிறார்கள். திறப்பு விழாவுக்கோ தேதி குறித்தாயிற்று. “கமிஷனிங் சான்றில் (நிலையம் இயங்கத் தயார் என்ற சான்றில்) கையெழுத்துப் போடுங்கள், வெசல் வந்ததும் பொருத்திக்கொள்ளலாம்” என்கிறார் மேலதிகாரி. “நீங்கள் போடாவிட்டால் உங்கள் ஜூனியர் போடுவார்” என்றும் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் டிரையல் ரன்னில் எந்தக் கோளாறும் வரவில்லை. நம் வாசகரின் மனம் ஒப்பவில்லை. ஒரு தனியார் நிறுவனம் வேலைக்குக் கூப்பிடுகிறது. ராஜினாமா செய்துவிடலாமா, இல்லை வரைபடங்களைப் பத்திரிகையாளர் ஒருவரிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார். இரவில் வீட்டில் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் விழித்துக்கொள்கிறாராம்.

கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் சொல்வதுபோல ஒரு வரி இருக்கிறது: “பதினான்கு மாதங்களுக்கு முன் நடந்த கூட்டத்தில் ‘சர்ஜ் வெசலை இரண்டாம் கட்டத்தில் பொருத்தலாம்’ என்ற முடிவுக்கு நானும் ஒப்புதல் கொடுத்திருக்கிறேன்.” அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வக்கீல் இல்லை. இருபத்தேழு வருடம் பம்ப் ஹவுஸ்களில் வேலை பார்த்துவிட்டு, இப்போது பொறியாளர்களுக்கு வேலை சார்ந்த ஆலோசனை சொல்லிவருகிறேன். அதனால் நிலைமையைப் பொறியாளராகவே பார்க்கிறேன். சட்டத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் பொதுவானவை. உங்கள் பணி விதிகளை நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

உங்கள் கேள்வி “கையெழுத்தா, ராஜினாமாவா” என்று இருக்கிறது. பயத்தில் இருக்கும்போது எல்லாக் கேள்வியும் இப்படி இரண்டாகத்தான் தெரியும். உங்கள் கடிதத்திலேயே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதற்குமுன் டிரையல் ரன்னைப் பற்றிப் பேசிவிடலாம். “மூன்று நாள் நன்றாகத்தானே ஓடியது, நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனோ” என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, உங்கள் பயத்துக்குக் கணக்கு இருக்கிறது.

டிரையல் எதைச் சோதித்தது?

நீங்கள் எழுதியபடி, ஒவ்வொரு தடவையும் பம்பின் வெளியேற்றப் பக்கத்திலுள்ள டெலிவரி வால்வை மெதுவாக மூடிவிட்டுத்தான் பம்பை நிறுத்தியிருக்கிறீர்கள். ஓட்டத்தைச் சில நிமிடங்களில் குறைத்துக்கொண்டே வந்தால் எந்தக் குழாயும் முனகாது. வெசல் தேவைப்படுவது அதற்கல்ல. மூன்று பம்பும் முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் போகிற அந்த ஒரு நிலைக்குத்தான். அதை நீங்கள் சோதிக்கவில்லை, வெசல் இல்லாமல் சோதிக்கவும் கூடாது. ஆக, டிரையல் ரன் வெற்றி என்பது பம்பும் மோட்டாரும் பேரிங்கும் நல்ல நிலையில் இருக்கின்றன என்பதற்கு ஆதாரம். சர்ஜ் பற்றி அது வாயே திறக்கவில்லை.

மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் சோதனைகள் நடத்தி, 1898-இல் ஜுக்கோவ்ஸ்கி வெளியிட்ட கணக்கு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அழுத்த அலையின் வேகத்தை ஓட்ட வேகத்தின் மாற்றத்தால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் அழுத்த மாற்றம் மீட்டரில், அதாவது அத்தனை மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமாகக் கிடைக்கும். உங்கள் எண்களையே போடுகிறேன். எஃகுக் குழாயில் அலை வேகம் ஏறக்குறைய நொடிக்கு 1000 மீட்டர். ஓட்ட வேகம் நொடிக்கு 1.6 மீட்டர். மாற்றம் 160 மீட்டரைத் தாண்டுகிறது, அதாவது 16 பார். பம்ப் அருகே சாதாரணமாக இருக்கும் அழுத்தமே 90 மீட்டர்தான். மின்சாரம் போனதும் முதலில் வருவது ஏற்றமல்ல, வீழ்ச்சி. 90-இலிருந்து 160-ஐக் கழிக்க முடியாது. தண்ணீர் அதற்கு முன்பே ஆவியாகி, குழாயில் தொடர்ச்சியாக இருக்கும் நீர்ப்பத்தி அறுந்துவிடும். ஆறாவது கிலோமீட்டரில் இருக்கும் அந்த மேட்டில் அறுந்த இரண்டு பத்திகளும் திரும்பி வந்து மோதும்போதுதான் குழாய் வெடிக்கிறது. அலை நீர்த்தேக்கம்வரை போய்த் திரும்ப 18 நொடி ஆகும். ஃப்ளைவீல் (மின்சாரம் போன பிறகும் பம்பைச் சிறிது நேரம் சுழலவைக்கும் கனமான சக்கரம்) இல்லாத உங்கள் பம்புகள் சில நொடிகளிலேயே ஓட்டத்தை விட்டுவிடும். எனவே முழு அடியும் விழும்.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, மேலதிகாரியிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. குழாய் உடையாமல் தப்பினாலும், அந்த வீழ்ச்சியின்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. குழாய்க்குள் காற்றை விடவும் வெளியேற்றவும் இருக்கும் ஏர் வால்வின் தொட்டியில் தேங்கிக் கிடக்கும் அழுக்குத் தண்ணீரையும் மூட்டுக் கசிவுகளைச் சுற்றியுள்ள சேற்று நீரையும் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த நாள் அதுதான் குடிநீர். மெக்கானிக்கல் ஆட்களான நாம் குழாய் உடைவதைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். நிர்வாகத்துக்குக் காதில் விழுவது இந்த இரண்டாவது விஷயம்.

“உத்தரவுப்படி போட்டேன்” என்றால் பொறுப்பு அவருடையதா?

இல்லை. இதைத்தான் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சான்றில் பெயர் யாருடையதோ, “நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது” என்று சொல்வது அவர்தான். மேலதிகாரி வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. எழுதியே கொடுத்திருந்தாலும் அவரும் பொறுப்பாவாரே தவிர, உங்கள் பொறுப்பு அழிந்துபோகாது. பொறியாளர் சங்கங்களின் நெறிமுறைகளை எடுத்துப் பாருங்கள். பொதுமக்கள் பாதுகாப்புக்கு அப்புறம்தான் மேலதிகாரி வருவார்.

கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் “நிபந்தனைக்கு உட்பட்டு” என்று எழுதிப் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சின்ன எழுத்து உங்களையும் காப்பாற்றாது, குழாயையும் காப்பாற்றாது. ஷிஃப்டில் இருக்கும் ஆபரேட்டர் சான்றைப் படிப்பதில்லை, தொடக்க பட்டனைத்தான் அழுத்துகிறார். நிபந்தனை என்றால் அது பம்ப் ஹவுஸ் சுவரிலும் கண்ட்ரோல் பேனலிலும் இருக்க வேண்டும்.

“எல்லா இடத்திலும் இப்படித்தான் போடுகிறார்கள்” என்பது உண்மையாகவே இருக்கலாம். கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் குடிநீர் ஊழியர்கள் வருடக்கணக்காகக் குளோரின் அளவைச் சோதிக்காமலேயே ஏட்டில் எண்களை எழுதிவந்தார்கள். 2000 மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச்சாணக் கிருமி ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். அந்த ஊழியர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை. தண்ணீர் நல்லது என்று நம்பி அவர்களும் அதையேதான் குடித்துவந்தார்கள். பிறகு வழக்கில் தண்டனை பெற்றார்கள்.

அந்தப் பழைய ஒப்புதல்

இப்போது கடைசிப் பக்கத்து வரி. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது மேலதிகாரியைவிட இந்த வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. “மறுத்தால், அன்றைக்கு நீங்களும்தானே ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்பார்களே” என்ற பயம்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கூட்டம் நடந்தபோது முதல் கட்டத்தில் ஒரே ஒரு பம்ப்தான் வருவதாக இருந்தது. மற்ற இரண்டும் இரண்டாம் கட்டத்தில், வெசலோடு சேர்ந்து. பிறகு கொள்முதலில் மூன்றையும் ஒரே தடவையில் வாங்கிவிட்டார்கள். அப்படியென்றால் நீங்கள் ஒப்புக்கொண்டது வேறொரு திட்டத்துக்கு. அன்று நீங்கள் சொன்னது தவறில்லை. “ஒரு பம்ப் மட்டும் ஓடும்வரை” என்ற நான்கு சொற்கள் நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை, அதை நீங்கள் திருப்பிப் பார்க்கவில்லை. தவறு அவ்வளவுதான், திருத்தக்கூடியதுதான்.

நானும் இதைவிட மோசமாக ஒன்று செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து எட்டாவது வருடம், ஒரு தனிமைப்படுத்தும் வால்வு முழுக்க மூடுகிறதா என்று கண்ணால் பார்க்காமலேயே பதிவேட்டில் “சரி” என்று போட்டேன். அன்று வெயில், எனக்கு அவசரம், அவ்வளவுதான் காரணம். மூன்று வாரம் கழித்து, அந்த வால்வை நம்பி ஒரு ஃபிட்டர் ஃப்ளாஞ்சை (குழாய் இணைப்பை) கழற்றினார். இடுப்பளவுத் தண்ணீரோடு போயிற்று. மறுநாள் பதிவேட்டில் பழைய வரியை அடிக்காமல், அதற்குக் கீழே தேதியிட்டு “மேற்கண்ட பதிவு நேரில் பார்க்காமல் செய்யப்பட்டது” என்று எழுதினேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். கண்டிப்புக் கடிதம் ஒன்று வந்தது. அதோடு சரி.

நீங்களும் அதையே செய்யுங்கள். பழைய குறிப்பை மறைக்கவும் வேண்டாம், விளக்கம் கேட்டு யாராவது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இப்போது ஃபைலில் நீங்கள் வைக்க வேண்டிய புதிய நோட்டின் (எழுத்துக் குறிப்பின்) முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும். குறையை நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் அதை வைத்து உங்களை மிரட்ட ஒருவராலும் முடியாது.

மூன்றாவது வழி

அந்தப் பழைய திட்டத்திலேயே உங்களுக்கு விடை இருக்கிறது. திறப்பு விழாவைத் தள்ளிப்போடச் சொல்லி நீங்கள் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. வெசல் வரும்வரை ஒரு பம்ப் மட்டும் ஓடட்டும். தண்ணீர் வரும், விழாவும் நடக்கும். உங்கள் சான்று அந்த நிலைக்கு மட்டும்.

ஆனால் “ஒரு பம்ப் என்றால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு, ஆகவே அடியும் மூன்றில் ஒரு பங்கு” என்று கடிதத்தில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்துக்கு இது சறுக்கல்தான். தூக்கமில்லாதபோது எனக்கும் வரும். ஓட்டம் குறைந்ததும் குழாயின் உராய்வு சரிகிறது. பம்ப் 90 மீட்டருக்குப் பதில் 65 மீட்டர் அளவுக்குத் தள்ளினால் போதும் என்றானதும், தன் வளைகோட்டில் வலப்பக்கம் ஓடிவிடும், அதாவது இன்னும் அதிகத் தண்ணீரைத் தள்ளும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் 44 சதவீதம்வரைகூட வரலாம். ஓட்ட வேகம் நொடிக்கு 0.7 மீட்டர், வீழ்ச்சி 70 மீட்டர். அதுமட்டுமில்லை, அந்த நிலையில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், உறிஞ்சுபக்கம் கேவிட்டேஷன் சத்தம் (நீராவிக் குமிழிகள் உடையும் சத்தம்) கேட்கலாம். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடிவைத்துப் பம்பை அதன் சரியான இடத்துக்கு இழுத்து வர வேண்டியிருக்கும். மின்சாரம் வீணாகும்தான், ஐந்து மாதத்துக்குத் தாங்கிக்கொள்ளலாம். 70 மீட்டர் வீழ்ச்சியை அந்த மேட்டு ஏர் வால்வு தாங்குமா என்பதை நீங்களோ நானோ ஊகிக்கக் கூடாது. அழுத்த அலையைக் கணக்கிட்டுத் தந்த சர்ஜ் அறிக்கையில் ஒரு பம்ப் நிலைக்கான கணக்கு இருக்க வேண்டும். இருந்தால் அதுதான் உங்கள் ஆயுதம். இல்லாவிட்டால் அறிக்கை கொடுத்தவர்களிடம் அந்த ஒரு நிலையை மட்டும் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். குழாயின் கணித மாதிரி (மாடல்) ஏற்கெனவே அவர்கள் கணினியில் இருக்கும். புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

நோட்டை இந்த மாதிரி எழுதலாம்:

“பழைய கூட்டத்தில் சர்ஜ் வெசலைத் தள்ளிவைக்க நான் ஒப்புக்கொண்டது முதல் கட்டத்தில் ஒரு பம்ப் மட்டும் என்ற அடிப்படையில். இப்போது மூன்று பம்புகளும் நிறுவப்பட்டுள்ளன. மூன்றும் ஓடும்போது மின்தடை ஏற்பட்டால் அழுத்த மாற்றம் 160 மீட்டரைத் தாண்டும் என்பது முதல்நிலைக் கணக்கு. குழாய் உடையவும், குடிநீரில் வெளிநீர் கலக்கவும் வாய்ப்புள்ளது. எனவே சர்ஜ் வெசல் இயங்கத் தொடங்கும்வரை ஒரு பம்ப் மட்டும், சர்ஜ் அறிக்கை அனுமதிக்கும் ஓட்டத்தில், இயக்கப் பரிந்துரைக்கிறேன். இந்த வரம்புக்குள் சான்று தரத் தயார். ஓடும் பம்பைத் தவிர, மாற்றுப் பம்ப் உட்பட மற்ற எல்லாப் பம்புகளின் பிரேக்கர்களையும் பூட்டி வைக்க வேண்டும்.”

குற்றச்சாட்டு வேண்டாம், உரிச்சொற்களும் வேண்டாம். “பலமுறை எச்சரித்தும்” என்று தொடங்கவே தொடங்காதீர்கள். பத்துத் தடவை வாயால் சொன்னேன் என்கிறீர்கள். ஃபைலைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நோட் பதிவாகி எண் வாங்க வேண்டும். மேலதிகாரி மறுத்தால் மறுப்பை அதே ஃபைலில் எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். என் அனுபவத்தில், எழுதச் சொன்னதும் பாதிப் பேர் “சரி, ஒரு பம்பே ஓட்டுங்கள்” என்று இறங்கிவிடுவார்கள்.

இறங்காதவர்களும் உண்டு. அப்போது முழுச் சான்றுக்கு மறுத்துவிட வேண்டியதுதான். விலையில்லாத மறுப்பு என்று பொய் சொல்ல மாட்டேன். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முந்தைய இரவு, ராக்கெட் நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் மெக்டொனால்டு ஏவுதல் பரிந்துரையில் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டார், விண்கலம் வெடித்தது, 7 பேர் இறந்தார்கள். விசாரணையில் உண்மையைச் சொன்ன மெக்டொனால்டைப் பதவியிறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டபின் மீண்டும் பொறுப்புக் கிடைத்தது. வெடிப்புக்குக் காரணமான ராக்கெட்டின் இணைப்புப் பகுதியை மறுவடிவமைக்கும் வேலையே அவர் தலைமையில்தான் நடந்தது. உங்களுக்கு நாடாளுமன்றம் வராது. இடமாற்றம் வரலாம், பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளலாம். ஆனால் பாதுகாப்புக் காரணத்தை எழுதி, மாற்று வழியும் சேர்த்துக் கொடுத்த ஒருவர்மேல் “கீழ்ப்படியவில்லை” என்ற குற்றச்சாட்டை நிரூபிப்பது நிர்வாகத்துக்கு எளிதல்ல. மாற்று வழி இல்லாத வெறும் மறுப்புக்கு அந்தப் பலம் இல்லை.

பத்திரிகை, ராஜினாமா, ஜூனியர்

வரைபடங்களை வெளியே கொடுக்காதீர்கள். குடிநீர் அமைப்பின் வரைபடங்கள் பல இடங்களில் பாதுகாப்பு ரகசியம். முறைகேட்டை வெளிப்படுத்துபவர்களுக்கான பாதுகாப்பு பெரும்பாலும் குறிப்பிட்ட வழியில், குறிப்பிட்ட அதிகாரியிடம் சொன்னால்தான் கிடைக்கும். உங்கள் மேலதிகாரிக்கு மேலே இருப்பவர், உள்தணிக்கை, பாதுகாப்புப் பிரிவு, ஒழுங்குமுறை அமைப்பு என்று படிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் இன்னும் மிதிக்கவில்லை. அலுவலக ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துப் போவதும் ஆபத்துதான். எதை எந்தத் தேதியில் யாரிடம் சொன்னீர்கள் என்று உங்கள் சொந்த நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். விஷயம் விசாரணை வரை போகும்போல இருந்தால் அன்றைக்கே பணிச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.

தனியார் வேலை நல்லதாகப் பட்டால் தாராளமாகப் போகலாம். நோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இன்றைக்கே போனால் அந்தச் சான்று 28 வயது ஜூனியரின் மேசைக்குப் போகும். “அவர் போடுவார்” என்று மேலதிகாரி சொன்னதை உங்களுக்கான மிரட்டலாக மட்டும் பார்க்கிறீர்கள். அந்தப் பையனுக்கு விஷயம் தெரியுமா? அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மேலே நான் போட்ட கணக்கை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். மறுக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை, எண் வந்ததும் அவருக்கே புரிந்துவிடும்.

ஷிஃப்ட் ஆபரேட்டர்களை மறந்துவிட்டீர்கள். எந்த முடிவு வந்தாலும் அவர்களுக்கு எழுத்தில் ஒரு பக்கம் தேவை. மின்சாரம் போய் வந்ததும் உடனே பம்பைப் போடக் கூடாது, அலை அடங்கட்டும். தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடிவிட்டதா, பம்ப் பின்னோக்கிச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் மேட்டு ஏர் வால்வு காற்றை வெளியேற்றும்வரை டெலிவரி வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, குழாயை மெல்ல நிரப்ப வேண்டும். அவசரமாக நிரப்பும்போது சிக்கிய காற்றால் உடைந்த குழாய்களை நான் பார்த்திருக்கிறேன். மின்சாரம் வந்ததும் பம்ப் தானாக ஓடத் தொடங்கும் ஆட்டோ ரீஸ்டார்ட் வைத்திருந்தால் இன்றைக்கே அணைத்துவிடுங்கள், அதற்கு யார் அனுமதியும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். இருந்தாலும் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

தூக்கத்துக்கு: நோட் கொடுத்து இரண்டு வாரத்துக்குப் பிறகும் இப்படியே விழித்துக்கொண்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

திறப்பு விழாவுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பம்ப் கணக்கு உங்கள் கைக்கு வரச் சில நாளாவது ஆகும். முதலில் அந்த அறிக்கையைத் தேடி எடுங்கள்.